செல்லச்சாமி வீட்டு ஓர்கன்

ஓர்கன் வீடு எங்கே என்று குண்டசாலைச் சந்தியில் கேட்டால் ஓட்டோக்காரர்கள் ஏறச் சொல்வதில்லை. கையை நீட்டி, அந்தப் பச்சைக் கதவு என்பார்கள்.

அந்த வீட்டில் முன்னறை என்று ஒன்று இருந்தது. இப்போது அதில் பாதிக்கு மேல் குழாய்கள் நிற்கின்றன. சுவரை ஒட்டி மூங்கில் வரிசை. அதற்கு முன்னால் சாம்பல் நிற பிவிசி வரிசை. எல்லாவற்றிலும் பெரிய இரண்டு குழாய்கள், நிமிர்ந்து நிற்க இடமில்லாமல், கூரைக்குக் கீழே முழங்கை மடக்கிப் படுத்திருக்கின்றன. தொலைக்காட்சி படுக்கையறைக்குப் போய்விட்டது. சோபா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. சாப்பாட்டு மேசையும் வருகிறவர்கள் உட்காரச் சில பிளாஸ்டிக் கதிரைகளும் மிச்சம்.

கட்டியவர் செல்லச்சாமி. பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பைப் ஓர்கன் ஒன்றை அவர் நேரில் கண்டதே இல்லை. வாசிக்கவும் தெரியாது. முருகன் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வருகிற ஆள். தன் மனைவியின் அண்ணனை வீட்டுக்குள் வரவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் செய்தார்.

மனைவி பெற்றீசியா அம்பிட்டியக்காரி. இளவயதில் ஞாயிறுதோறும் பஸ் ஏறி, தோட்டத்துச் சின்ன மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருவாள். அங்கே ஒரு ஹார்மோனியம் இருந்தது. ஒருநாள் அதன் துருத்தி கிழிந்தது. ஸ்டோரிலிருந்து ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். செல்லச்சாமி கொழுந்து ஏற்றும் கன்வஸ் பட்டியில் ஒரு துண்டு வெட்டி, பசை தடவி ஒட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறும் அது கிழிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் கிழிந்தது. செல்லச்சாமி ஒட்டியது கிழியாது என்பது ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். கிழித்தது யாருடைய கொண்டை ஊசி என்று பெற்றீசியா இன்றுவரை சொல்லவில்லை.

பதிவுக் கல்யாணம் நடந்தது. பெற்றீசியாவின் அண்ணன் டக்ளஸ் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கந்தோரில் கிளாக்கர், அம்பிட்டிய மாதா கோயிலின் பாட்டுக் குழுவான கொயருக்குத் தலைவர், சொன்னால் சொன்னதுதான் என்று பெயரெடுத்தவர். கோயிலில் கட்டாத கல்யாணத்து வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று சொன்னார், அத்தோடு விட்டுவிட்டார். தங்கையோடு பேச்சை நிறுத்தவில்லை. கொயரில் கீபோர்ட் வாசிக்க அவளைத்தான் உட்கார வைத்தார். செல்லச்சாமியை வழியில் கண்டால் "மிஸ்டர் செல்லச்சாமி, எப்படி சுகம்?" என்று கேட்பார். இவருக்கு அது காய்ச்சல் பார்க்க வந்த டொக்டர் கேட்பதுபோல இருக்கும்.

வருஷங்கள் போயின. இருவரும் தோட்டத்தை விட்டுக் குண்டசாலைக்கு வந்து சிறிய வீடொன்று கட்டினார்கள். மகள் லோஜினி வளர்ந்தாள். மாப்பிள்ளை கத்தோலிக்கர் என்பதால் கல்யாணம் கோயிலில் நடந்தது. டக்ளஸ் தானே முன்னின்று பாடவைத்தார். அன்றைக்கு மாதிரி அந்தக் கொயர் என்றைக்கும் பாடவில்லை என்றார்கள். முடிந்ததும் பெற்றீசியா வாசலில் அண்ணனின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, இன்னைக்காச்சும் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

சுற்றி நின்ற கொயர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டக்ளஸுக்குச் சங்கடம். சங்கடம் வந்தால் அவர் பகிடி விடுவார்.

"பைப் ஓர்கன் இருக்கிற வீடுன்னா சொல்லு, வர்றேன்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெற்றீசியாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, சனம் சாப்பிட்டுப் போன பிறகும், ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி மேசையில் வைத்திருந்தாள். அந்தி வரைக்கும் அது அங்கேயே இருந்தது. செல்லச்சாமி போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார்.

அவள் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றார்.

"பைப் ஓர்கன்னா என்னா?"

"அத ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"பெரிய பொட்டியில காத்த அடைச்சு வச்சிருப்பாங்க. கட்டைய அமுக்கினா காத்து ஒரு குழாய்க்குள்ள போகும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு குழாய்."

ஸ்டோரில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வைக்க நீளத் தொட்டிகள் இருக்கும். தொட்டியின் அடியிலிருந்து விசிறி காற்றை ஊதும். கொழுந்து வாடும். செல்லச்சாமி தன் வாழ்நாளில் பாதியை அந்தத் தொட்டிகளுக்கு அடியில் படுத்துக் கழித்தவர்.

"அப்ப அது நம்ம வாட்டுத் தொட்டிதானே," என்றார்.

"வாட்டுத் தொட்டி பாடாதுங்க."

"பாடும். நீ கேட்டதில்ல."

இப்படித்தான் தொடங்கியது. அந்த வருஷம் அவர் வேலை பார்த்த ஸ்டோரை மூடினார்கள். பழைய இரும்போடு கிடந்த, காற்றடிக்கும் சின்ன புளோவர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சப்பு மரப் பலகையில் காற்றுப் பெட்டி செய்தார். கன்வஸ் பட்டியில் துருத்தி தைத்தார். கோயிலில் செத்துப்போன கீபோர்ட் ஒன்றின் கட்டைகளைப் பெற்றீசியா கேட்டு எடுத்து வந்தாள். எதற்கென்று டக்ளஸ் கேட்கவில்லை. மகள் கைத்தொலைபேசியில் அனுப்பிய வீடியோக்களை இருவரும் சோற்றைப் பிசைந்தபடி பார்த்தார்கள். யாரோ வெள்ளைக்காரர் ஏதோ பாஷையில் பேசிப் பேசிக் குழாய் செய்தார். பேச்சு விளங்கவில்லை. கை விளங்கியது.

முதல் குழாயை ஊதிய அன்று புளோவரின் வேகத்தைக் குறைக்க செல்லச்சாமி மறந்துவிட்டார். எழுந்த சத்தத்தில் மாமரத்துக் காகங்கள் கிளம்பிப் போயின. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு றம்லத் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"செல்லச்சாமி நானா, மாடு கண்டு போடுதா? டொக்டருக்குச் செல்லவா?"

"மாடு இல்லம்மா. ஓர்கன்."

"எந்த ஓர்கன் இப்புடிக் கத்துது? அல்லாஹ், அதுக்கு நோவு ஈக்கிது போல!"

நோவு தீர்க்க நாள் பிடித்தது. சுருதி பெற்றீசியாவின் காதில் இருந்தது, அரம் செல்லச்சாமியின் கையில் இருந்தது. அவள் அடுக்களையில் ரொட்டிக்கு மாப் பிசைவாள். இவர் முன்னறையில் குழாயைத் தேய்த்துத் தேய்த்து ஊதிக் காட்டுவார்.

"இன்னும்," என்பாள்.

தேய்ப்பார்.

"இன்னும் கொஞ்சம்."

தேய்ப்பார்.

"ஐயோ, தாண்டிருச்சு!"

தாண்டிய குழாயை நீட்ட முடியாது. அது வேறொரு சுருதிக்கு ஆகும், அதுவும் தாண்டினால் றம்லத்தின் பாகற்காய்ப் பந்தலுக்கு ஆகும். அந்தப் பந்தல் வெகு சீக்கிரம் பெரிதாகி, பாகற்காய் இரண்டு வீட்டுக்கும் போதுமானதாக இருந்தது. நாடு நொடிந்து மின்சாரம் அடிக்கடி நின்றுபோன அந்தக் கஷ்ட வருஷத்தில் ஊத வழியில்லாமல் இருவரும் குழாய்களைத் துடைத்து, வார்னிஷ் பூசினார்கள். மூங்கில்கள் பளபளத்தன.

ஒரே ஒரு தொல்லை தீராமல் இருந்தது. மழை பெய்தால் பலகை ஊதிப் பருத்தது. கட்டைகள் சிக்கின. அமுக்கிய கட்டை மேலே வராது, ஒரே சத்தம் இழுத்துக்கொண்டு நிற்கும். செல்லச்சாமி முகவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஸ்டோரில் மழை நாளில் என்ன செய்வார்கள்? வெளியிலிருந்து ஈரக் காற்றை எடுக்கமாட்டார்கள். உலர்த்தும் அடுப்புப் பக்கத்திலிருந்து சூடான காற்றை எடுத்துத் தொட்டிக்கு விடுவார்கள். வீட்டிலும் ஓர் அடுப்பு இருந்தது. சுவரில் துளை போட்டு, புளோவர் காற்றை இழுக்கும் வாயை அடுக்களைக்குள் நீட்டி, விறகடுப்புக்கு நேர் மேலே பொருத்தினார்.

"அடுப்புக்கு மேலயா?" என்றாள் பெற்றீசியா.

"சூடான காத்து, காஞ்ச காத்து. இனிப் பலகை ஊதாது."

ஊதவும் இல்லை. அவர்கள் வாசித்துப் பார்ப்பது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நெருப்பு அணைந்திருக்கும், கல் மட்டும் சூடாக இருக்கும். கட்டைகள் வெண்ணெய்போல இறங்கி ஏறின. செல்லச்சாமிக்குத் தன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அவள் முதன்முதலாக ஒரு முழுப்பாட்டை வாசித்த மத்தியானம் அவர் கதவருகே நின்று கேட்டார். இது தான் செய்ததுதானா என்று சந்தேகமாக இருந்தது. மேசையில் இருந்த கரண்டி தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் றம்லத் தேங்காய் துருவுவதை நிறுத்தியிருந்தாள்.

"இப்ப அண்ணனைக் கூப்பிடு," என்றார்.

பெற்றீசியா கட்டைகளைத் துணியால் மூடினாள். "நான் கூப்பிடமாட்டேன். ஒருக்கா கூப்பிட்டாச்சு."

அதனால் செல்லச்சாமியே போனார். இஸ்திரி போட்ட சேட்டை மாட்டிக்கொண்டு, சனிக்கிழமை பாட்டுப் பழக்கம் முடிகிற நேரம் அம்பிட்டியக் கோயில் வாசலில் போய் நின்றார். கொயர்க்காரர்கள் வெளியே வந்தார்கள். கடைசியாக டக்ளஸ் வந்தார்.

"மிஸ்டர் செல்லச்சாமி! என்ன விசேஷம்?"

"வீட்ல பைப் ஓர்கன் ஒண்ணு இருக்குங்க. நீங்க இருந்தா வர்றேன்னு சொன்னீங்க."

டக்ளஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னேனா?"

"சொன்னீங்க அண்ணே," என்றார் ஜொனி. கொயரில் அடிக்குரல் பாடுபவர், குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். "லோஜினி கல்யாணத்தன்னைக்கு. நாங்க எல்லாம் நின்னோம்."

"கீபோர்டுல குழாய ஒட்டி வச்சிருப்பார்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"காத்துலதான் சத்தம் வருது," என்றார் செல்லச்சாமி.

டக்ளஸ் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். சொன்ன சொல் என்ற ஒன்று இருந்தது. கேட்ட சாட்சிகளும் இருந்தார்கள்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு வர்றேன். பார்த்துட்டுப் போயிருவேன். சாப்பாடு கீப்பாடுன்னு ஒண்ணும் வேணாம்."

செல்லச்சாமி வீடு வந்து டக்ளஸ் சொன்னதில் முதல் பாதியை மட்டும் சொன்னார். பெற்றீசியா உடனே வேலிப்பக்கம் போனாள். மறுநாள் காலையிலேயே றம்லத் தன் பெரிய தாச்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பெற்றீசியாவுக்கு இப்படி ஓர் அண்ணன் இருப்பதும் அவர் வராததும் றம்லத்துக்குத் தெரியும், முகம் தெரியாது.

"நீங்க போய் வாசிங்க ராத்தா. அடுப்ப நான் பார்க்கிறேன். ஆக்கள் உக்காரக்குள்ள பருப்புக்குத் தாளிச்சிப் போட்டாத்தான் வாசம் நிக்கும்," என்றாள்.

டக்ளஸ் கொயரோடு வந்தார். கொயர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குழாய்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். டக்ளஸ் சப்பாத்தைக் கழற்றவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டார். கால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கைகள் முதுகுக்குப் பின்னால்.

"வாங்க அண்ணே," என்றாள் பெற்றீசியா.

"இங்கயே காத்து நல்லா வருது. நீ வாசி."

செல்லச்சாமி சுவிட்சைப் போட்டார். துருத்தி மூச்சிழுத்து எழுந்தது. பெற்றீசியா மாதா பாட்டொன்றைத் தொடங்கினாள். கொயர்க்காரர்கள் தாமாகவே பாட ஆரம்பித்தார்கள். செல்லச்சாமி குழாய்களைப் பார்க்கவில்லை, டக்ளஸின் கையைப் பார்த்தார். அது முதுகிலிருந்து மெதுவாக முன்னால் வந்தது. ஒரு விரல் தாளம் போட்டது. பிறகு கை முழுவதும் எழுந்து கொயரை நடத்தத் தொடங்கியது. கால் மட்டும் நிலைப்படியிலேயே இருந்தது.

முதல் சரணம் முடிந்தது. அடுக்களையில் றம்லத்துக்குப் பாட்டுக் கேட்டது. கேட்ட சந்தோஷத்தில் இன்னொரு பிடி காய்ந்த மிளகாயை அள்ளிக் கொதிக்கிற எண்ணெய்க்குள் போட்டாள்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் ஓர்கன் அந்தக் காற்றைக் குடித்தது. குடித்ததை எல்லாக் குழாய்களாலும் ஊதியது.

முதலில் தும்மியவர் ஜொனி. அவர் தும்மல் ஒரு அடிக்குரல் தும்மல். பிறகு யாருக்கும் எண்ண நேரமில்லை. முன்னறை முழுக்க மிளகாய். பாடத் திறந்த வாயெல்லாம் நன்றாகத் திறந்திருந்ததால் நன்றாக உள்ளே போனது. இருமலும் தும்மலுமாகக் கொயர் டக்ளஸை இடித்துத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியது. பெற்றீசியா ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தோளில் முகத்தைத் துடைத்துத் துடைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

செல்லச்சாமி தடவிக்கொண்டே சுவிட்சுப் பக்கம் போனார். எல்லாம் போயிற்று என்று நினைத்தார். இத்தனை வருஷம் தேய்த்த குழாய், ஒரு மனிதரை வாசல் வரை கொண்டுவந்து, அங்கிருந்து துரத்தியும் விட்டது.

"ஓஃப் பண்ணாதீங்க!"

டக்ளஸின் குரல். அவர் ஓடியிருக்கவில்லை.

"பாட்டு முடியல! பெற்றி, நிப்பாட்டாத! வாசி!" என்று கத்தினார். நடுவில் நின்றுபோன பாட்டை அவரால் தாங்க முடியாது என்பது கொயர் முழுவதும் அறிந்தது. "எங்கருந்து வருது இது?"

செல்லச்சாமி இருமிக்கொண்டே அடுக்களையைக் கையால் காட்டினார். டக்ளஸ் கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டு, முன்னறையைத் தாண்டி, படுக்கையறை வாசலைத் தாண்டி, நேரே அடுக்களைக்குள் பாய்ந்தார். கையில் அகப்பட்ட மூடியை எடுத்துத் தாச்சியின்மேல் அடித்து மூடினார்.

றம்லத் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்த கிழவர் ஒருவர், கோட்டுப் போட்டுக்கொண்டு, அவளுடைய தாச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு நீங்க? சப்பாத்தோடயா அடுப்படிக்குள்ள வாறது? கழட்டுங்க, கழட்டுங்க!"

டக்ளஸ் குனிந்து கழற்றினார்.

"வந்தது வந்தீங்க, சும்மா நிக்காம இந்தச் சோத்துச் சட்டியப் புடிங்க. எனக்கு இடுப்பு ஏலா. அங்க மேசையில கொண்டுபோய் வைங்க."

முன்னறையில் புகை அடங்கி, பெற்றீசியா கடைசி வரியை வாசித்துக்கொண்டிருந்தாள். கொயர் ஒவ்வொருவராக, மூக்கைச் சிந்திக்கொண்டு, வாசலில் வந்து எட்டிப் பார்த்தது. தங்கள் தலைவர் வெறுங்காலோடு, கோட்டோடு, ஆவி பறக்கும் சோற்றுச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுக்களையிலிருந்து வருவதைக் கண்டது.

பாட்டு முடிந்தது. டக்ளஸ் சட்டியை மேசையில் வைத்தார். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார்போல. பெற்றீசியா திரும்பினாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அங்கே எல்லோருடைய கன்னமும் அப்படித்தான் இருந்தது.

"அண்ணே..." என்றாள்.

டக்ளஸ் செல்லச்சாமியின் பக்கம் திரும்பினார். இருமினார். மறுபடி இருமினார்.

"ஏன்யா, உனக்கு மூளை கீளை இருக்கா? அடுப்புக்கு மேலயா காத்து எடுப்பாங்க? எவன்யா சொல்லிக் கொடுத்தான்? கொயரையே கொன்னுருப்பியே!"

"ஸ்டோர்ல அப்படித்தாங்க..."

"ஸ்டோர்ல தாளிப்பாங்களா?"

ஜொனிதான் முதலில் சிரித்தார். அது முற்றம் வரை பரவியது. செல்லச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மிஸ்டர் போட்டு சுகம் கேட்டபோதெல்லாம் வராத ஒரு குளிர்ச்சி, இந்த ஏச்சைக் கேட்டதும் நெஞ்சுக்குள் இறங்கியது.

"சரி, சோறு ஆறுது," என்றார் டக்ளஸ். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? கைய கழுவிட்டு வாங்க எல்லாரும். பெற்றி, அந்தப் பருப்பைக் கொண்டா. அதுக்காகத்தானே இவ்வளவு பாடும்."

பருப்பு காரமாக இருந்தது என்றும், வாசல் பக்கமிருந்து மூன்றாவது மூங்கில் கொஞ்சம் சுருதி இறங்கிப் பேசுகிறது என்றும் சாப்பிடும்போது சொன்னார். இரண்டும் உண்மை.

அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடவில்லை. பூசை முடிந்து டக்ளஸ் பஸ்ஸில் வந்து இறங்கினார். புளோவரின் வாயை அடுக்களையிலிருந்து எடுத்து, கூரைக்குக் கீழே மாமரப் பக்கம் வைக்க வேண்டும் என்று வாரம் முழுக்க யோசித்து முடிவு செய்திருந்தார். செல்லச்சாமியும் அதையேதான் முடிவு செய்திருந்தார். ஆனாலும் சொல்லவிட்டுக் கேட்டுக்கொண்டார். ஏணியை வைத்தார்கள். செல்லச்சாமி ஏறினார். கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு டக்ளஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் மேல," என்றார்.

"இதுக்கு மேல கூரைதான்."

"அப்ப கொஞ்சம் இடது பக்கம். ஒனக்கு இடது எதுன்னு தெரியுமா?"

"தெரியும். நீங்க நிக்கிற பக்கம் பாத்தா வலது."

"வாய் மட்டும் இருக்கு."

அடுக்களையில் எண்ணெயில் எதுவோ விழுந்து பொரிந்தது. டக்ளஸ் மூக்கை உயர்த்தினார். காற்று அந்தப் பக்கமாகத்தான் வந்தது.

"பெற்றி! இன்னைக்கு என்ன கறி?"

"வந்துதான் பாருங்களேன்!"

டக்ளஸ் ஏணியை விட்டுவிட்டு உள்ளே போனார். ஏணி ஒரு பக்கம் ஆடியது. செல்லச்சாமி கூரை ஓரத்துத் தண்ணீர்ப் பீலியை எட்டிப் பிடித்தார். கீழே அடுக்களையில் அண்ணனும் தங்கையும் எதற்கோ சண்டை பிடிப்பது கேட்டது, உப்புக்காக இருக்கலாம். கூப்பிட்டால் யாராவது வந்து ஏணியைப் பிடிப்பார்கள். அவர் கூப்பிடவில்லை. பீலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று கேட்டார்.